பழைய வேனுக்குப் புது டயர்

வேனுக்கு டயர் மாற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் கேட்பது, "எந்த கம்பெனி?" நான் முதலில் பார்ப்பது லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்.

என் வேனின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் மங்கிப்போன ஸ்டிக்கர்: டயர் அளவு 195/70 ஆர்15சி, லோடு இண்டெக்ஸ் 104/102. இதில் 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 102 என்பது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. அதில் ஒவ்வொன்றும் 850. கடைக்காரர் மலிவாக எடுத்து நீட்டியது 195/65 ஆர்15, இண்டெக்ஸ் 91. ரிம்மில் கச்சிதமாக உட்காரும்தான். ஆனால் அது தாங்குவது 615 கிலோ. ஆளும் சாமானும் ஏற்றும் வண்டிக்கு அது சரிப்படுமா? அந்த 'சி' எழுத்து சும்மா போட்டதில்லை; சரக்கு வண்டிக்கான உறுதியான டயர் என்று அர்த்தம்.

அடுத்தது வயசு. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் 2319 என்றால், 2019-இல் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (சாலையில் படும் மேடுபள்ள வெட்டு) தேயாமலே ரப்பர் கிழடு தட்டிவிடும். பழைய வேன்கள் ஓடுவதைவிட நிற்பதுதானே அதிகம்! பக்கச் சுவரில் நகக்கீறல் மாதிரி வெடிப்பு தெரிந்தால் நான் யோசிப்பதே இல்லை, மாற்றிவிடுவேன்.

இரண்டுதான் வாங்க முடியுமென்றால் புதுசைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர இழுவை வண்டியானாலும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். கூடவே வால்வையும் மாற்றச் சொல்லுங்கள்.