நடிகையின் படம் அல்ல, வகுப்புத் தோழியின் படம்

சமூக ஊடகம் இளையோரின் மனத்தை வாட்டுகிறது என்று பேசுவோர் பெரும்பாலும் நடிகைகளின் ஒப்பனையையும் பணக்காரர்களின் கார்களையுமே குறைசொல்கிறார்கள். பெங்களூருக்கு வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தால், அவர்களை உறுத்துவது கூடப் படித்தவர்களின் படங்களே என்று எனக்குத் தோன்றுகிறது.

பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கும் என் அண்ணன் மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். நடிகையின் வெளிநாட்டுப் பயணப் படங்களைச் சிரித்தபடி தள்ளிவிடும் அவள் விரல், சேலத்தில் உடன் படித்த ஒருத்தி புதிய நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் படத்தில் நின்றுவிடும். "அத்தை, என்னைவிட இவளுக்குத்தான் அரியர் அதிகம்" என்பாள். அதன் பிறகு ரசம் வேண்டுமா என்று கேட்டாலும் பதில் வராது.

தன் திறமையை அளக்க வேறு வழி இல்லாதபோது மனிதன் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்கிறான், அதுவும் தன்னை ஒத்தவர்களோடுதான் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே எழுதினார். அந்த ஒப்பீடு ஒருகாலத்தில் தெருவோடும் கல்யாண வீட்டோடும் முடிந்தது. இன்றோ, நமக்கு யார் நெருக்கமானவர் என்று கணித்து அவர்களின் ஸ்டோரிகளையே முன்னால் வைப்பதாக இன்ஸ்டாகிராமே விளக்கியிருக்கிறது. லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதி 2021-இல் வந்தது உண்மைதான். ஆனால் ஸ்டோரியை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் அப்படியேதான் இருக்கிறது, பார்த்தும் பேசாமல் போனவர்களின் பெயர்களை என் அண்ணன் மகள் அதில்தான் தேடுகிறாள்.

நேரத்தைக் குறைத்தால் போதும் என்ற அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய மூன்று செயலிகளையும் நாளுக்குத் தலா 10 நிமிடம் மட்டும் மூன்று வாரம் பயன்படுத்திய மாணவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. தன்மதிப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பார்க்கும் நேரம் சுருங்கினாலும் பார்க்கப்படும் முகங்கள் மாறவில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே அண்ணன் மகளுக்கு நான் சொன்னது, சிலரின் பதிவுகள் கண்ணில் படாதபடி அவர்களை மியூட் செய்துவிடு என்பதுதான். அன்ஃபாலோ செய்தால் ஊரில் அண்ணி வரை பேச்சு போகும். மியூட் செய்தால் எதிர்த்தரப்புக்குத் தெரியாது. தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போனால், இதற்கென்றே பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது; நேரில் போகத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.