வீட்டில் பிரித்த கியர்பாக்ஸும் ஒரு எஸ்டிமேட் சீட்டும்

பிக்கப் கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கி, பிரித்து, மாட்டியாயிற்று. வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேல் இருக்கிற கடுப்பு மட்டும் அடங்கவில்லை.

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன், பழைய நகரம்) மீன் லோடு அடிக்கிற வண்டி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று கத்தும். போகப்போக மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டதும், பிரித்தே பார்த்துவிடலாம் என்று மச்சானைக் கூப்பிட்டேன்.

ஆயிலை வடிப்பதற்கு முன்னால், ஆயில் ஊற்றுகிற பக்கத்து போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் வடிந்த ஆயிலில் பொன்னிறத் தூள் மினுங்கியது. காந்தத்தில் ஒட்டவில்லை. பித்தளை, அதாவது கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற வளையமான சின்க்ரோ ரிங் தேய்ந்து கரைந்திருக்கிறது.

ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் பட்ட வண்டியில், கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கிற பெல் ஹவுசிங் போல்ட் லேசில் அசையாது. ராத்திரியே துரு ஆயில் அடித்து ஊறவிட்டோம். கால் சுற்று கழற்று, கொஞ்சம் திரும்ப இறுக்கு, மறுபடி கழற்று. அவசரப்பட்டு இழுத்தால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்கினோம். கியரைப் பூட்டுகிற ஸ்லீவும் அது ஏறி நிற்கிற ஹப்பும் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் மாட்ட பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டோம். கியர் மாற்றுகிற கம்பியான ஷிப்ட் ராடை உருவும்போது துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கிற குண்டு துள்ளி ஓடும். மூன்றாவது கியர் ஏன் கழன்றது என்பது அப்போதுதான் தெரிந்தது: ஸ்லீவை நகர்த்துகிற ஃபோர்க்கின் முனை பழைய அரிவாள்மணை மாதிரி தேய்ந்திருந்தது, ஸ்பிரிங்கும் தளர்ந்து போயிருந்தது.

இதுவரைக்கும் நிம்மதிதான். அப்புறம் புது ரிங் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்ட்டரில் இருந்தவர் பழைய ரிங்கைக் கையில்கூட வாங்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதான் சார், கண்ணை மூடிட்டுப் போடுங்க." வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்து எண்ணினால் புது ரிங்கில் மூன்று பல் கூடுதல். திரும்பப் போனால், "பில் இருக்கா?" என்கிறார். அவர் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. "இது எங்க சீட்டு இல்லையே" என்று அவரே சொன்னபோதுதான் ரத்தம் கொதித்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் என்று இருக்கிறது. இருந்து என்ன, வாங்கியதற்கே ஆதாரம் இல்லாதவன் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? பார்ட் நம்பர் எழுதிய பில் கைக்கு வராமல் காசை எடுக்காதீர்கள்.

அடுத்த கடையில் ஆர்.சி. போட்டோவைக் காட்டி, சேஸிஸ் நம்பரைச் சொன்னேன். சரியான ரிங் அரை மணி நேரத்தில் வந்தது. வாங்கும் முன் ரிங்கை கியரின் கோனில், அதாவது கூம்புப் பகுதியில், அழுத்தித் திருப்பிப் பார்க்க வேண்டும். வழுக்காமல் பிடிக்க வேண்டும். கியரையே பையில் தூக்கிக்கொண்டு போயிருந்ததால் அங்கேயே பார்த்துவிட்டேன்.

ஆயிலும் அங்கேயே வாங்கினேன், 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை). ஜிஎல்-5 தான் உசத்தி என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அதில் கந்தகச் சேர்மானம் அதிகம், சில வகைகள் பித்தளையை அரிக்கும். வண்டி மேனுவலில் எது போட்டிருக்கிறதோ அதுதான். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் பையில் கேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மூடியைத் திறந்து மோந்தார். ஒன்றும் பேசாமல் மூடி, இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பேரிங்கை ஷாப்டில் அழுத்தி ஏற்றுகிற பிரஸ் இல்லை. லேத் பட்டறைக்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். கடைசியில் பழைய அலுமினியச் சட்டியில் ஆயில் ஊற்றி, பேரிங்கை அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்கினோம். 100 டிகிரி போதும், 120ஐத் தாண்டக் கூடாது. கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை மச்சான் ஆவலாக எடுத்து வந்தார். அது காய்ச்சலைத் தாண்டி எதையும் காட்டாது. ஆய்வகச் சாமான் கடையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் கிடைத்தது. சூடான பேரிங் ஷாப்டில் 'டக்' என்று தானாக இறங்கி உட்கார்ந்தது. சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. லேத்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஏற்றியதெல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அதோடு மாற்றிவிட்டோம். அதற்காக இன்னொரு தடவை யார் இறக்குவது?

இப்போது மூன்றிலிருந்து இரண்டுக்குச் சத்தமே இல்லாமல் விழுகிறது. ரிவர்ஸ் மட்டும் அவசரமாகப் போட்டால் லேசாக உரசும். எங்கள் வண்டியில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது; கிளட்ச்சை மிதித்து ஒரு நொடி பொறுத்துப் போட்டால் சரி. மச்சான்தான் இன்னும் நம்பவில்லை, மறுபடி பிரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.