வெளியூர் பிரதர் வந்தா

எங்க பிரதரன் அசெம்பிளியில, அதாவது எங்க சபையில, சம்பளம் வாங்குற பாஸ்டர்னு யாரும் கிடையாது, மூப்பர்மாரும் மத்த பிரதர்ஸும் தான் மாத்தி மாத்தி வசனம் பேசுவாங்க, அதனால வெளியூர்ல இருந்து ஒரு ஊழியக்காரர் வர்றார்னாலே அந்த வாரம் களை கட்டிடும். வர்றவர் தன்னோட சபை குடுத்த சிபாரிசு கடிதத்தை கொண்டு வருவார், ஞாயித்துக்கிழமை அப்பம் பிட்கிறதுக்கு (திருவிருந்துக்கு) முன்னாடி அதை சத்தமா வாசிப்பாங்க. கிளம்பும்போது கையில ஒரு கவர். உள்ள எவ்வளவுன்னு அவரும் கேக்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம்.

இதுக்கெல்லாம் வேர் எங்கன்னு பாத்தா அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்துல எக்சிட்டர்ல பல் டாக்டரா நல்லா சம்பாதிச்சவர், அதை விட்டுட்டு பாக்தாத் போயி, அங்கருந்து 1833ல இந்தியா வந்தார், எந்த மிஷன் சங்கத்தோட சம்பளமும் இல்லாம. பிரிஸ்டல்ல அனாதை இல்லம் நடத்துன ஜார்ஜ் முல்லர் இவரோட தங்கச்சி வீட்டுக்காரர் தான். 1836ல குரோவ்ஸ் பௌடன், பியர்னு ரெண்டு ஊழியக்கார குடும்பத்தையும் கூட்டிட்டு வந்தார், அவங்க கோதாவரி டெல்டா பக்கம் போயிட்டாங்க.

நம்ம பக்கம் குரோவ்ஸோட சீஷன் அருளப்பன், 1840ல கிறிஸ்டியான்பேட்டைன்னு ஒரு ஊரையே உருவாக்கினவர். வெள்ளக்காரங்க பேரையெல்லாம் ஸண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வச்சாங்க, இவரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, அது எனக்கு இன்னும் கடுப்பு தான்.

இப்ப எங்க சபைக்கு அதிகமா வர்றது கேரளா பிரதர்ஸ். நல்லா தான் பேசுவாங்க, ஆனா கூட்டம் முடிய மணி ஒன்னரை ஆயிடும், பிரியாணி ஆறிப்போயிருக்கும்.