ஓவனுக்குள் மாவு இருக்கிறது

ஸ்டுட்கார்ட்டின் மேற்குப் பகுதியில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், நாலாவது மாடி. மூன்று அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. ஓர் அறையில் இந்த வட்டாரத்தைச் சேர்ந்த சுவாபியப் பெண், உயிரியல் படிக்கிறாள். அடுத்ததில் துருக்கியிலிருந்து வந்த இயந்திரவியல் மாணவன். மூன்றாவதில் நான். ஆளுக்கோர் அறையும் பொதுச் சமையலறையுமாக இப்படி வாழும் வீட்டை ஜெர்மனியில் வேகே என்பார்கள். தனி வீடு எடுப்பதெல்லாம் மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. விசாவுக்காக, ஒரு வருஷச் செலவுக்கென்று முன்கூட்டியே முடக்குக் கணக்கில் போட்ட 11,904 யூரோவை மாதம் 992ஆகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். அதில் பாதிக்குமேல் வாடகைக்கே போய்விடுகிறது. அதனால் பிடிக்கிறதோ இல்லையோ, அடுத்தவர் தலைமுடி அடைத்த குளியலறையோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஷ்வாப்ஸ்ட்ராஸெ நிலையத்தில் ரயில் ஏறினால், நீளமான ஒரு சுரங்கம் தாண்டி அடுத்த நிறுத்தமே பல்கலைக்கழகம். காலை வகுப்புக்குக் கடைசி நிமிடத்தில் எழுந்திருக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

வந்ததும் முதல் வம்பு பெயரில்தான். ஊரில் இனிஷியலாக ஓரெழுத்தில் அடங்கிக்கிடந்த அப்பா, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக விரிந்துவிட்டார். இங்கே எல்லாக் காகிதத்திலும் அதுதான் பெயர். தபால்பெட்டியிலும் வாசல்மணியிலும் வீட்டு எண் கிடையாது, குடும்பப்பெயர் மட்டும்தான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். எனக்கு முன்பே வீட்டில் இருந்த சுவாபியப் பெண், நான் வருவதற்குள் நல்ல மனசோடு என் பெயரை அழகாக எழுதி ஒட்டி வைத்திருந்தாள். என் சொந்தப் பெயரை. விளைவு, இன்சூரன்ஸ் அட்டையும் வங்கி ரகசிய எண்ணும் ‘இங்கே அப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பிப் போயின. இப்போது பெட்டியில் இரண்டு பெயரும் உண்டு. பார்சல்காரர் வாசல்மணிக் கருவியில் கத்துவதும், மூன்றாம் மாடி அம்மையார் ‘ஹெர்’, அதாவது திரு, போட்டு என்னைக் கூப்பிடுவதும் அப்பா பெயரைச் சொல்லித்தான். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நகராட்சியில் விலாசம் பதிந்த கொஞ்ச நாளில், எந்தப் பெயரில் இருந்தாலும் தவறாமல் வந்துசேரும் கடிதம் ஒன்று உண்டு. வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம், மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவியே இல்லையே என்றால் செல்லாது. நல்லவேளையாக அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்குத்தான். ஒருவர் கட்டினால் மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பித் தப்பிக்கலாம். கட்டிக்கொண்டிருந்தவர் வீட்டைக் காலிசெய்து போகும்போதுதான் மிச்சமிருப்பவர்களுக்குக் காய்ச்சல் வரும்.

அப்புறம் கதவு. இங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகுகிற கைப்பிடி கிடையாது, அசையாத ஒரு குமிழ் மட்டும்தான். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு சாயங்காலம் துருக்கிக்காரன் குப்பைப் பையை மாடிப்படி ஓரம் வைக்க ஓரடி வெளியே போனான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியதில் கதவு படீர். உள்ளே அடுப்பில் எதுவும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நானும் அவளும் வந்து பார்த்தபோது ஆள் காலுறையோடு படியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் சாவிகள் இருந்ததால் அன்று பிழைத்தோம். அடுத்த முறை கதவு சாத்திக்கொண்டபோது மூவருமே வெளியில், மூன்று சாவியும் உள்ளே.

பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடலாம். ஆனால் அதில் ஒரு சூது இருக்கிறது. கைபேசியில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் எங்கோ இருக்கும் தொலைபேசி மையம். இரவு, விடுமுறை, வந்துபோகும் செலவு என்று வரிவரியாகச் சேர்த்துப் பல நூறு யூரோ கேட்பவர்கள் உண்டு. வெறுமனே சாத்திக்கொண்ட கதவுக்கே பூட்டைத் துளைபோட்டு, புதுப் பூட்டுக்கும் காசு வாங்கியவர்களைப் பற்றி மாணவர்களிடையே கதை கதையாகக் கேட்கலாம். உள்ளூர்க்காரரைப் பிடித்து, வருவதற்கு முன்பே மொத்தத் தொகையைப் பேசிவிட வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் எல்லாரும் சொல்லும் புத்திமதி. எங்களுக்கு அந்தச் செலவு வரவில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த மூன்றாம் மாடி அம்மையார், ஒன்றும் பேசாமல் கீழே போய், எதிலிருந்தோ வெட்டிய கெட்டியான பிளாஸ்டிக் துண்டோடு திரும்பினார். கதவு இடுக்கில் விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினார். திறந்துகொண்டது. எழுபது வயது இருக்கும். அன்றிலிருந்து எங்கள் உபரிச் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

சாவியைத் தொலைப்பது இதைவிட மோசம். பல கட்டடங்களில் ஒரே சாவிதான் வீட்டுக்கும் தெருவாசலுக்கும். அப்படிப்பட்ட ஒன்று தொலைந்தால் கட்டடத்தின் பூட்டு எல்லாவற்றையும் மாற்றி, அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டலாம். ஆயிரக்கணக்கில் போகும். பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் எடுக்கும்போது, சாவி தொலைவதும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

சமையலறைக்கு வருகிறேன். நான் முதலில் தாளித்த அன்றைக்கே நடைவழிப் புகை எச்சரிப்பான் அலறியது. இந்த மாநிலத்தில் படுக்கையறையிலும் வெளியேறும் நடைவழியிலும் அந்தக் கருவி கட்டாயம், சமையலறையில் கட்டாயமில்லை. ஆகவே கடுகு வெடிக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை, பக்கத்து நடைவழியில் உத்தரத்தில் காத்திருக்கிறது. மிளகாய் வற்றல் கமறினால் நம் கை தானாகச் சமையலறைக் கதவைத் திறக்கத்தானே போகும்? திறந்தால் புகை நேராக அதன் வாய்க்குள். கதவைச் சாத்து, ஜன்னலைத் திற என்று சுவாபியப் பெண் இரண்டே சொல்லில் தீர்த்துவைத்தாள். தும்மிக்கொண்டேதான் சொன்னாள்.

குக்கர் விசில் அடுத்தது. இங்கேயும் பிரஷர் குக்கர் உண்டு, ஆனால் அது ஊமை. விசிலடிக்கிற குக்கரை இவர்கள் இருவரும் பார்த்ததில்லை. முதல் விசிலுக்குத் துருக்கிக்காரன் அறையை விட்டு ஓடிவந்தான். அவளோ நோட்டோடு வந்து, பருப்புக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மூன்று விசில் என்றேன். “நிமிடக் கணக்கில்?” நிமிடம் யாருக்குத் தெரியும்! அடுத்த வாரம் கைபேசியில் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு விசிலுக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லையே என்று குறைபட்டாள்.

உண்மையான விபத்து இட்லி மாவில்தான். குளிர்காலத்தில் மாவை ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் மேலே காய்ந்து உள்ளே அப்படியே கிடந்தது. இட்லி அரிசி வாங்கும் ஈழத்தமிழர் கடையில் அண்ணன்தான் வழி சொன்னார்: “ஓவனுக்குள்ள வச்சு லைட்டை மட்டும் போட்டு விடுங்கோ தம்பி. விடியப் பொங்கி இருக்கும்.” அப்படியே பொங்கியது. ஓவன் விளக்கின் இளஞ்சூடு, மூடிய பெட்டி, வேறென்ன வேண்டும் மாவுக்கு? வாராவாரம் நடந்தது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டி, மார்கழி மாசத்தில் எங்கள் வீட்டில்கூட இப்படிப் பொங்காதே என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இரவு நான் நூலகத்தில். துருக்கிக்காரன் பீட்சா போட ஓவனை 220இல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அந்த ஓவனுக்குக் கண்ணாடிக் கதவு, ஆனால் பல வருஷ எண்ணெய்ப் பிசுக்கில் உள்ளே விளக்கு எரிவது தெரிந்தாலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. எவர்சில்வர் பாத்திரம் சுவாபியப் பெண்ணின் கேக் அச்சுகளோடு எங்கோ கலந்துபோயிருந்ததால், அன்று பார்த்து மாவு பிளாஸ்டிக் டப்பாவில். அவன் ஈரத்தலையோடு வந்தபோது டப்பா சாய்ந்து, மூடி உருகிக் கம்பித் தட்டில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாவு மட்டும் தன் கடமையை விடவில்லை. பொங்கி வழிந்து, தட்டு முழுக்கப் பரவி, மேலே பொன்னிறமாக வெந்து, வெடித்துப் போயிருந்தது. நான் வந்து நின்றபோது இருவரும் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க எரிந்த பிளாஸ்டிக்கும் புளித்த தோசையும் கலந்த நாற்றம்.

அவன் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். அவளுக்கு வேறு கவலை. உள்ளே என்ன இருந்தது, ஏன் அது வளர்ந்தது என்று விசாரித்தாள். அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்தால் தானாகப் புளிக்கும் என்றதும் அவள் முகமே மாறிவிட்டது. பாட்டி வீட்டில் ரொட்டிக்குப் புளிமாவு வளர்த்தவள் அவள். உடனே ஒரு சீட்டில் எழுதி ஓவன் கதவில் ஒட்டினாள்: ‘நில்! உள்ளே மாவு இருக்கிறது. உயிரோடு.’ சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. அந்தச் சீட்டை மாவு இருக்கும் நாளில் மாட்டுவது, இல்லாத நாளில் எடுப்பது என்று விதியும் அவளே போட்டாள். ஜெர்மனி என்றால் சும்மாவா?

காலி பாட்டிலுக்கும் இங்கே விதி உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலையும் பானக் கேனையும் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8. எங்கள் வீட்டில் அந்தக் காசுதான் கழிப்பறைத் தாள் நிதி. தேர்வு முடிந்த ஒரு வாரம் ஊரிலிருந்து வந்த என் நண்பன் எங்களோடு தங்கினான். வீட்டுக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று மூலையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையெல்லாம் ஒன்றுவிடாமல் மிதித்து நசுக்கி, பையில் கட்டிவைத்தான். நம்மூர்த் தண்ணீர் பாட்டிலிலேயே குடித்ததும் நசுக்கிவிடு என்று அச்சடித்திருக்கிறதே, அவனை என்ன சொல்ல? இயந்திரமோ பாட்டிலின் பார்கோடைப் படிக்க முடியாவிட்டால் திருப்பித் துப்பிவிடும். துருக்கிக்காரன் அன்று மாலை முழுக்க ஒவ்வொரு பாட்டிலாக வாயில் வைத்து ஊதி நிமிர்த்தினான். பாதி தேறியது.

இந்த ஊருக்கே உரிய தலைவலி கேர்வோகே. பெருக்கும் வாரம். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். அந்த வாரம் மாடிப்படி உங்கள் பொறுப்பு. அதிலும் சின்னது, பெரியது என்று இரண்டு. சின்னது உங்கள் மாடிப் படிக்கட்டு. பெரியது நிலவறை, முற்றம், நடைபாதை, குப்பைத் தொட்டி எல்லாம். ஸ்டுட்கார்ட் நகராட்சி 1988லேயே தன் விதியிலிருந்து இதை நீக்கிவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே உயிர் வாழ்கிறது, மூன்றாம் மாடி அம்மையார் மனத்திலும். படி சுத்தமாக இருக்கிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெருக்குகிற சத்தம் காதில் விழுந்ததா என்பதுதான் பொருட்டு. எங்கள் பெண் ஒருமுறை எல்லாரும் வேலைக்குப் போன நேரத்தில் பளிச்சென்று துடைத்துவிட்டாள். மறுநாள் கதவிடுக்கில் சீட்டு: இந்த வாரம் மறந்துவிட்டீர்களா? இப்போதெல்லாம் சனிக்கிழமை பகலில், விளக்குமாறு கைப்பிடிச் சட்டத்தில் டக் டக்கென்று இடிக்கும்படி பெருக்குகிறோம். புகார் நின்றுவிட்டது.

ஊரிலிருந்து கிளம்பும்போது எல்லாரும் ஒரே அறிவுரைதான் சொல்லி அனுப்பினார்கள்: அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பகிர்வு வீட்டில் இதைவிடக் கெட்ட யோசனை இல்லை என்பது என் கட்சி. எங்களுக்கு முன்பு இருந்த மாணவன் அப்படி ஒரு தங்கமான பையனாம். அறையில் ஈரத்துணி காயப்போட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலையே திறக்காமல், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை ஏறியதைப் பார்த்தும் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று வாயைத் திறக்கவில்லை. காலிசெய்தபோது வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைத்தார். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், தினம் இரண்டு முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுவதோடு முடிந்திருக்கும். சுவாபியப் பெண் எதையும் மனத்தில் வைப்பதில்லை. உன் எண்ணெய்க் கறை, துடை என்பாள். முதலில் சுருக்கென்றிருக்கும், ஆனால் அரைமணி கழித்து அதே பெண் கேக் நீட்டுவாள், உள்ளே வஞ்சம் ஒன்றும் இருக்காது.

துருக்கிக்காரன் வேலை கிடைத்து மியூனிக் போகிறான். காலி அறைக்கு ஆள் எடுக்க நேர்காணல் நடத்தினோம். வேலைக்கு எடுப்பதைவிடக் கெடுபிடியாகத்தான் நடக்கும் அது. சமையலறை மேசையில் தேநீர், எதிரே பதற்றத்தோடு ஒரு மாணவர். வந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். இரண்டு தமிழர் சேர்ந்தால் சமையலறைப் பேச்சு தமிழுக்குத் தாவி அவள் தனியாகிவிடுவாளே என்று நான்தான் தயங்கினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: மாவு அரைக்கத் தெரியுமா? டேபிள் டாப் கிரைண்டரையே கொண்டுவருவதாக அவர் சொன்னதும் தேர்வு முடிந்துவிட்டது. மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், செருகிக்கு மட்டும் ஓர் அடாப்டர் போதும். சத்தம்தான் பிரச்சினை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை மூச்சு விடக்கூடாது, ஞாயிறு முழுக்க அமைதி. கீழே போய் அம்மையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தோம். எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். உளுந்துக்கு அரைமணி, அரிசிக்கு அரைமணி. யோசித்துவிட்டு, சனிக்கிழமை பத்தரை மணி, பெருக்கி முடித்த பிறகு என்றார்.