செப்புக் காசு 11: ஆறு வாரத்தில் எது துலங்கியது, எது துலங்கவில்லை

மதுரைப் பழைய சாமான் கடையில் கலவையாக வாங்கிய சரக்கு. மண் ஏறியது 7, வெறும் கறுப்பு 4. தண்ணீரில் போடும் முன்பே ஒவ்வொன்றின் எடை (0.01 கிராம் தராசு), விட்டம், ஓரம் மூன்றும் நோட்டில் ஏறின. மண் போனபின் எவ்வளவு எடை குறைந்தது என்பது பின்னால் உதவும்.

முதல் இரண்டு வாரம் ஊறல் மட்டும். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பின் குளோரைடுதான் செம்புக்கு எமன். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றம். இளகிய மண்ணை 10 மடங்கு லென்சின் கீழ் கருவேல முள்ளால், காசு ஈரமாக இருக்கும்போதே தள்ளியெடுக்க வேண்டும். ஊசி கோடு போட்டுவிடும். குத்துவிளக்குத் தேய்க்கிற புளியும் எலுமிச்சையும் இங்கே ஆகாது: களிம்போடு எழுத்தும் கரைந்து, பளபளவென்று வெறும் தகடு மிஞ்சும்.

மூன்றாம் வாரம் ஒரு காசில் வெளிர்பச்சைப் பொடி. கெட்டியான பச்சைப் படலம் காசுக்குக் கவசம். நகத்தில் உதிரும் பொடியோ குளோரைடு தரும் நோய். 500 மில்லி தண்ணீரில் நீரற்ற சலவைச் சோடா 12 கிராம், ஆப்பச் சோடா 9 கிராம் கலந்து, அந்தக் காசை மட்டும் தனியே போட்டாயிற்று. சலவைச் சோடா படிகமாக இருந்தால் 32 கிராம் வேண்டும். பலர் தவறுவது இதில்தான். கரைசல் நீலம் பாய்ந்தால் செம்பும் கொஞ்சம் கரைகிறது என்று பொருள். வாரம் ஒரு முறை மாற்றி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் அலசினோம். அலசிய நீரில் ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு ஒரு துளி சில்வர் நைட்ரேட்: பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. அமிலத்தை முதலில் விடாவிட்டால் மிச்ச சோடாவே கலக்கிக் காட்டி ஏமாற்றும்.

துலங்கியவற்றில் சுவையானவை நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம் உள்ள மூன்று. மூன்றும் நான்கு கிராமை ஒட்டியவை. நாகரி எழுத்து மூன்றிலும் 'ஸ்ரீ ராஜ' என்றே தொடங்குகிறது. அடுத்த எழுத்தில்தான் விஷயம். செல்போன் டார்ச்சைக் கிடையாகப் பிடித்தால் நிழல் விழும். இரண்டில் மறுபடி 'ராஜ': சோழன் ராஜராஜன் காசு. மூன்றாவதில் 'லீ', கீழே 'லாவதி': 1197இல் முதலில் அரியணையேறிய இலங்கைப் பொலன்னறுவை அரசி லீலாவதி. இருநூறு ஆண்டு இடைவெளி, படமோ ஒன்றே. மூன்றாம் முறை அவரை இறக்கியவன் பாண்டி நாட்டுப் பராக்கிரம பாண்டியன் என்பதால், இந்தப் பக்கம் அவர் காசு கிடைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு.

டச்சுக்காரரின் சிறு செப்புக் காசான டூட் ஒன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமான, இணைந்த வி.ஓ.சி. (VOC) எழுத்தும் கீழே ஆண்டும் இருப்பதால் சிரமமில்லை. ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் தேய்ந்துவிட்டது. நான்கு நாயக்கர் காலச் செம்பு.

நிலத்தில் நீங்களே கண்டெடுத்தது என்றால் கதை வேறு: மதிப்பு பத்து ரூபாய் தாண்டினாலே 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

காய்ந்தவை பி.வி.சி. கவரில் போகவில்லை, அது பச்சைப் பிசின் கக்கும். காகித உறை, டப்பாவில் சிலிக்கா ஜெல். நோய்க் காசுக்குத் தனி டப்பா, ஐப்பசி ஈரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மிச்ச இரண்டு இன்னும் தண்ணீரில்.