பரங்கிமலைப் படிகளை எந்தக் காலத்தில் ஏறுவது?

தோமையார் என்றாலே சந்தேகப்பட்ட சீடர் என்ற நினைப்போடுதான் பலரும் அவர் பெயர் தாங்கிய சென்னைப் பரங்கிமலைக்குப் போகிறார்கள். ஆனால் யோவான் நற்செய்தியில் அவர் முதன்முதலாக வாய் திறக்கும் இடம் வேறு. இலாசர் இறந்துவிட்டார். யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிவார்களே என்று சீடர்கள் தயங்கி நிற்கிறார்கள். அப்போது "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்று சொன்னவர் தோமா (யோவான் 11:16). ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுற்றில் முதல் ஆண்டில், தவக்காலம் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவ நாட்கள்) 5-ஆம் ஞாயிறன்று இந்த நற்செய்தி வரும். குருவானவர் சுருக்க வாசகத்தை எடுத்துக்கொண்டால் இந்த வசனம் விடுபட்டுப்போகும். ஆகவே வீட்டிலேயே 11-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஒரு வரியை மனதில் வைத்து ஏறுவதற்குத்தான் இந்தப் படிகள்.

மலை ஏறத்தாழ 300 அடி உயரம். 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் கட்டித் தந்த படிக்கட்டு, ஏறக்குறைய 160 படிகள். வழியில், ஆண்டவருடைய பாடுகளை நினைத்து நின்று செபிக்கும் 14 சிலுவைப்பாதை நிலைகள். மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ பரங்கிமலை நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறவர்கள் "படிக்கட்டு அடிவாரம்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "தோமையார் மலைக் கோயில்" என்று மட்டும் சொன்னால், வண்டி சாலை வழியாக நேரே உச்சிக்கே கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு 14-ஆம் நிலையிலிருந்து கீழே இறங்க வேண்டியதாகிவிடும்.

சிலுவைப்பாதைக்குரிய பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பேறு) பற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. முறைப்படி நிறுவப்பட்ட நிலைகள் இருக்க வேண்டும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும், ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்க வேண்டும். திருச்சபை கேட்பது இவ்வளவுதான். இன்ன செபத்தைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவற்றோடு பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம் ஆகியவையும் வேண்டும். பலரும் கோட்டை விடுவது கடைசியில் சொன்னதில். கூட்டமாகச் செய்யும்போது எல்லாரும் நகர்ந்தால் ஒழுங்கு கெடும் என்றால், வழிநடத்துகிறவர் மட்டும் நகர்ந்தாலே போதும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை.

தவக்கால வெள்ளி என்றால் காலை 6 மணிக்குத் தொடங்குவது நல்லது. பங்குனி வெயிலில் 9 மணிக்கு மேல் கல்படி சுடத் தொடங்கிவிடும். வெறுங்காலோடு நேர்ந்துகொண்டவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். நிலைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வரலாம். அப்போது கூட்டம் அதிகம். படிப்பவர் குரல் பின்னால் நிற்பவர்களுக்கு எட்டாது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு ஒருவர் வாசித்தால் இந்தச் சிக்கல் இருக்காது.

"திவ்விய இயேசுவே, உம்மை ஆராதித்து" என்று தொடங்கும்போது எல்லாரும் முழந்தாளிடுவது நம் வழக்கம். படிக்கட்டில் இதற்கு ஒரு முறை உண்டு: மேல்நோக்கித் திரும்பி, ஒரு முழங்காலை மேல்படியின் நடுப்பகுதியில் ஊன்ற வேண்டும். விளிம்பில் ஊன்றினால் மூன்றாவது நிலைக்குள் தோல் உரிந்துவிடும். மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்து வருவதையும் தவிர்க்கலாம். சரிவில் வீசும் காற்றில் அது நிற்காது. சொட்டிய மெழுகு படியில் உறைந்து பின்னால் வருகிறவரை வழுக்கிவிடும். பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். விமானம் மேலே ஏறும் அரை நிமிடம் வாசகரின் குரல் அமுங்கிப்போகும். அதோடு போட்டி போட்டுக் கத்த வேண்டாம்; நிறுத்திவிடுங்கள். ஒன்பதாம் நிலையில், ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்து கிடக்கும் இடத்தில், அப்படி ஒரு மௌனம் வாய்த்தால் அது பெரிய கொடை.

பெரிய வெள்ளியன்று ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழு உணவு) சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்த்தல்) சேர்ந்து வரும். ஒருசந்தி 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு; சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. தண்ணீர் குடிப்பதற்குத் தடை இல்லை. வெறும் வயிற்றோடு தண்ணீரும் இல்லாமல் ஏறி மயங்கி விழுவது பக்தி ஆகாது. மலையில் சிலுவைப்பாதை முடித்தாயிற்று என்று பிற்பகல் வழிபாட்டை விட்டுவிடுவதும் தவறு. அன்று திருப்பலி இல்லை. பாடுகளின் வாசகமும் திருச்சிலுவை ஆராதனையும் நற்கருணையும்தான் அந்த நாளின் வழிபாடு. காலையில் மலை, பிற்பகலில் பங்குக்கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவில் தொடங்கும் பாஸ்கா காலத்தில் இதே படிகளில் ஒளியின் பாதை செய்யலாம். உயிர்ப்பிலிருந்து தூய ஆவியின் வருகை வரை அதற்கும் 14 நிலைகள். அதில் ஒன்று தோமாவுடையது. வெகுஜன பக்தி பற்றி 2001-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கிறது. இருந்தும் நம் பங்குகளில் இது இன்னும் பரவலாகாதது வருத்தம்தான். பாஸ்கா 2-ஆம் ஞாயிறுக்குச் சென்னை சாந்தோம் பேராலயம் பொருத்தமான இடம். மூன்று ஆண்டுச் சுற்றிலும் அன்று மாறாமல் வாசிக்கப்படுவது யோவான் 20:19-31. "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்ற வசனத்தைக் கேட்டுவிட்டு தோமையாரின் நிலவறைக் கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்குங்கள். அங்கே சத்தமாகச் செபமாலை சொல்லாமல், அந்த வசனத்தை மட்டும் சொல்லி மற்றவர்களுக்கு இடம் விடுங்கள்.

மலைக்கோயிலுக்குரிய சொந்தக் காலம், கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக்காலம். 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய இந்த ஆலயம், மகன் பிறப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும் மாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவள் திருநாள் டிசம்பர் 18. பீடத்தில் இருக்கும் பழம் பாரசீகப் பகலவி எழுத்துள்ள கற்சிலுவை 1547-இல் கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடக்கும்போது அதில் இரத்தம் வியர்த்தது என்பது மரபு. 1969 நாள்காட்டிச் சீர்திருத்தம் வரை தோமையார் திருநாளும் டிசம்பர் 21-இல்தான் இருந்தது. பிறகுதான் ஜூலை 3-க்கு மாறியது. டிசம்பர் 18 அன்று போகிறவர்கள் கல்லில் கறையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைய நற்செய்தியான மத்தேயு 1:18-24-ஐ அந்தப் பீடத்தின் முன்னால் மெதுவாக வாசியுங்கள். மாலைச் செபத்தில் 17-ஆம் தேதியிலிருந்து 23 வரை நாளுக்கு ஒன்றாக வரும் "ஓ" என்று தொடங்கும் முன்மொழிகளில் (குறுஞ்செபங்களில்) அன்றைக்குரியதையும் சொல்லுங்கள். மழைக்காலம் முழுதாக ஓய்ந்திருக்காது, படி ஈரமாக இருக்கும். இறங்கும்போது ஓரமாக, அவசரப்படாமல் இறங்குங்கள்.