எலஹங்கா 1944: செம்மண்ணும் ஒரு சிவப்புப் பொட்டும்

1944இல் எலஹங்காவில் நின்ற ஒரு தண்டர்போல்ட் போர்விமானத்தின் சின்ன மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். இது மூன்றாவது ஞாயிறு. விமானம் ஒட்டி முடிந்தது, தரைதான் பாக்கி.

பெங்களூரு எலஹங்கா என்றால் எங்கள் வீட்டில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி, மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது, அவ்வளவுதான். 1944இல் அங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் 1670ஆம் மாற்றுப் பயிற்சிப் பிரிவு இருந்தது. ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர்களைத் தண்டர்போல்ட்டுக்குப் பழக்கி பர்மா போர்முனைக்கு அனுப்பினார்கள். ஹரிக்கேனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, 18 சிலிண்டர் எஞ்சின், குடம்போல மூக்கு. இருப்பதோ ஒரே இருக்கை. கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆளுக்கு இடமில்லை. தரையில் கேட்டுக்கொண்டு, தனியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும். எனக்கு ஸ்கூட்டரே பின்னால் ஒருவர் உட்கார்ந்துதான் வந்தது.

முழு விமானதளத்தையும் செய்யத்தான் ஆசை. 1:72 அளவில், அதாவது அசலில் 72இல் ஒரு பங்காக, ஒரு கிலோமீட்டர் ஓடுபாதைக்கே பதினாலு மீட்டர் வேண்டும். எங்கள் ஹாலே நாலு மீட்டர். சரி, விமானம் நிற்கும் இடம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

வண்ணத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பெட்டியோடு வந்த டெக்காலில் (விமானத்தின் மேல் ஒட்டும் சின்னப் படம்) பிரிட்டிஷ் விமானப்படை வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு. இந்தப் பக்கம் பறந்த விமானங்களில் அது கிடையாது. ஜப்பான் விமானத்தின் அடையாளமே சிவப்பு வட்டம். தன் ஆளையே சுட்டுவிடக் கூடாதென்று சிவப்பை எடுத்துவிட்டு அடர்நீலம், வெளிர்நீலம் மட்டும் வைத்தார்கள். மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை வேறு. நான் சிவப்பின் மேல் நேராக வெளிர்நீலத்தைப் பூச, கத்தரிப்பூ நிறம் வந்து நின்றது. சுரண்டினால் டெக்காலே கிழியும். முதலில் மெல்லிசாக இரண்டு கை வெள்ளை, காய்ந்த பிறகு நீலம் என்று பூசியதும் அடங்கியது. "பொட்டை ஏன்டா அழிச்சே, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் அம்மா.

தரைக்கு, பக்கத்துக் காலி மனையிலிருந்து செம்மண். வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலின் மேல் தூவினேன். காய்ந்ததும் செங்கல் நிறம் போய் காப்பித்தூள் மாதிரி கறுத்துவிட்டது. பசை ஈரம் இருக்கும்போதே கடைசியாக இன்னொரு பிடி காய்ந்த மண்ணைத் தூவி, காய்ந்த பின் ஊதிவிட வேண்டுமாம். இரண்டாவது பலகையில் சரியாக வந்தது.

அடுத்த ஞாயிறு கூடாரம். அதற்கு முன்னால் அம்மாவுக்குப் புது வடிகட்டி.